ராணி போட்ட கரண்ட் கணக்கு

1. கருகல் நாற்றம்

கர்நாடக மாநிலத்தில் கோலார் தங்கவயல் என்ற ஊர் இருக்கிறது. அங்கே நூறு ஆண்டுகளுக்கு மேல் தங்கச் சுரங்கங்கள் நடந்தன. 2001ஆம் ஆண்டில் சுரங்கங்கள் மூடப்பட்டன. சுரங்க வேலைக்கு வந்து தங்கிய தமிழ்க் குடும்பங்கள் அங்கே ஏராளம். அவர்களில் பலர் இன்று விடியற்காலையில் மாரிகுப்பத்தில் ரயில் ஏறுகிறார்கள். பெங்களூரில் வேலை செய்துவிட்டு இரவு வீடு திரும்புகிறார்கள். ராணியின் கணவர் செல்வமும் அப்படித்தான் போய்வருகிறார்.

ராணி வீட்டிலேயே துணிகளுக்கு இஸ்திரி போடுகிறார். பல வருடங்களாக அவரிடம் இருந்தது கரிப் பெட்டி. கரி விலை ஏறிக்கொண்டே போனது. கரிப் புகையால் கண் எரிந்தது. ஒருநாள் தீப்பொறி பறந்து ஒரு வெள்ளைச் சட்டையில் ஓட்டை விழுந்தது. சட்டைக்கு ராணிதான் பணம் கொடுத்தார்.

அதனால் மகளிர் சங்கத்தில் கடன் வாங்கி, பழைய கரண்ட் இஸ்திரிப் பெட்டி ஒன்றை வாங்கினார். கனமான பெட்டி. நன்றாகச் சூடாயிற்று. ஆனால் அதன்மேல் ஒட்டியிருந்த தகட்டில் எழுத்தெல்லாம் தேய்ந்து போயிருந்தது. அது எத்தனை வாட் பெட்டி என்று தெரியவில்லை.

மூன்றாம் நாள் காலை. குளிக்க வெந்நீர் வேண்டும். பக்கெட்டில் ஹீட்டர் ராடு போட்டிருந்தார்கள். அதே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ராணி இஸ்திரிப் பெட்டியையும் செருகினார். பத்து நிமிடம் ஆகியிருக்கும். ஏதோ கருகும் நாற்றம் வந்தது. பாக்ஸைப் பார்த்தார். ஒரு ஓரம் கறுத்து, பிளாஸ்டிக் இளகியிருந்தது. சுவரில் இருந்த சுவிட்சை ஓடிப்போய் அணைத்தார்.

அன்று இரவு செல்வம் சொன்னார்: "அந்தப் பெட்டி நமக்கு வேண்டாம் ராணி. வித்துடு. கரண்ட்டோட விளையாட முடியுமா? வீட்ல புள்ள இருக்கான்."

ராணி பதில் சொல்லவில்லை. சங்கத்துக்குக் கட்ட வேண்டிய கடன் அப்படியே இருந்தது. பழைய பெட்டியை விற்றால் பாதி விலைகூட வராது. அது மட்டுமல்ல. பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் வாரம் நூறு துணி தருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

'தப்பு பெட்டி மேலேயா? பாக்ஸ் மேலேயா? அது தெரியாமல் எப்படி விற்பது?' என்று யோசித்தார்.

2. ஆரோக்கியம் பெரியப்பா

மறுநாள் ராணி இரண்டையும் எடுத்துக்கொண்டு மூன்றாவது வீட்டுக்குப் போனார். அங்கே ஆரோக்கியம் என்ற பெரியவர் இருக்கிறார். சுரங்கத்தில் எலெக்ட்ரீஷியனாக வேலை பார்த்தவர். ராணியின் மகன் குமாரும் கூடவே போனான். அவன் பத்தாம் வகுப்பு படிக்கிறான்.

"பெரியப்பா, இந்தப் பெட்டி கெட்டதா நல்லதா? பார்த்துச் சொல்லுங்க" என்றார் ராணி.

"நான் சொல்றது இருக்கட்டும்மா. நீதான் மாலை வகுப்புக்குப் போய்ப் பெருக்கல், வகுத்தல் எல்லாம் கத்துக்கிட்டியே. நீயே கணக்குப் போட்டுக் கண்டுபிடி. நான் மீட்டர் வச்சு எண்ணை மட்டும் சொல்றேன்" என்றார் பெரியவர்.

ராணிக்குச் சிரிப்பு வந்தது. "கரண்ட்டுக்கும் பெருக்கலுக்கும் என்ன சம்பந்தம்?"

"எல்லாச் சம்பந்தமும் இருக்கு. முதல்ல மூணு சொல்லைத் தெரிஞ்சுக்கோ."

பெரியவர் தெருக்கோடியில் இருந்த தண்ணீர்த் தொட்டியைக் காட்டினார்.

"தொட்டி உயரத்துல இருக்கு. அதனாலதான் குழாய்ல தண்ணி வேகமா வருது. தண்ணியைத் தள்ளுற அந்த அழுத்தம் மாதிரி கரண்ட்டுக்கும் ஒரு அழுத்தம் உண்டு. அதை வோல்ட்ல சொல்லுவாங்க.

குழாய்ல ஒரு நிமிஷத்துக்கு எத்தனை குடம் தண்ணி வருது? அது ஓட்டத்தோட அளவு. கரண்ட் ஓட்டத்தோட அளவை ஆம்பியர்ல சொல்லுவாங்க.

குழாய் ஒல்லியா இருந்தா தண்ணி குறைவா வரும். உள்ளே அடைச்சிருந்தா இன்னும் குறைவு. அது தடை. கரண்ட்டுக்கு இருக்கிற தடையை ஓம்ல சொல்லுவாங்க."

குமார் சொன்னான்: "எங்க புத்தகத்துலயும் இருக்கு. மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை."

"அதேதான். பேர் எதுவா இருந்தாலும் விஷயம் ஒண்ணு" என்றார் பெரியவர்.

ஓம் என்பது ஒரு மனிதரின் பெயர். கியார்க் ஓம் என்பவர் ஜெர்மனி நாட்டுப் பள்ளி ஆசிரியர். அவருடைய அப்பா பூட்டுத் தொழிலாளி. பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாதவர். தானாகவே கணக்கும் அறிவியலும் கற்றுக்கொண்டு, தன் பிள்ளைகளுக்கும் வீட்டில் சொல்லிக்கொடுத்தார். அந்தப் பிள்ளைதான் 1827ஆம் ஆண்டில் வோல்ட்டுக்கும் ஆம்பியருக்கும் உள்ள கணக்கைப் புத்தகமாக வெளியிட்டார்.

3. மீட்டர் காட்டிய எண்கள்

பெரியவர் வீட்டில் நல்ல பவர் பிளக் இருந்தது. அதில் முதலில் வோல்ட்டைப் பார்த்தார். மீட்டர் 230 என்று காட்டியது. இந்தியாவில் வீடுகளுக்கு வர வேண்டிய அளவு அதுதான்.

பிறகு இடுக்கி போல வாய் திறக்கும் ஒரு மீட்டரை எடுத்தார். அதற்குக் கிளாம்ப் மீட்டர் என்று பெயர். ஒயரை அறுக்காமலே கரண்ட் ஓட்டத்தை அது காட்டும். பெரியவர் ஒரு கம்பியை மட்டும் அதன் வாய்க்குள் விட்டார்.

"ஏன் ஒரு கம்பி?" என்று கேட்டான் குமார்.

"ஒரு கம்பியில போற கரண்ட்தான் அடுத்த கம்பியில திரும்புது. ரெண்டையும் சேர்த்துப் பிடிச்சா ஒண்ணை ஒண்ணு கழிச்சுடும். மீட்டர் பூஜ்யம் காட்டும்."

இஸ்திரிப் பெட்டி சூடாகிக்கொண்டிருந்தபோது மீட்டர் 5 ஆம்பியர் காட்டியது. பிறகு ஹீட்டர் ராடைத் தண்ணீரில் வைத்துப் பார்த்தார். அது 6.5 ஆம்பியர் காட்டியது.

ராணி நோட்டில் எழுதிக்கொண்டார்.

இஸ்திரிப் பெட்டி: 230 வோல்ட், 5 ஆம்பியர்.
ஹீட்டர் ராடு: 230 வோல்ட், 6.5 ஆம்பியர்.

4. ஒரு வகுத்தல், ஒரு பெருக்கல்

"இப்ப ரெண்டே ரெண்டு கணக்கு" என்றார் பெரியவர்.

முதல் கணக்கு வகுத்தல். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் தடை கிடைக்கும்.

வோல்ட் ÷ ஆம்பியர் = ஓம்

ராணி 230ஐ 5ஆல் வகுத்தார். 5 நாற்பது 200. மீதி 30. 5 ஆறு 30. ஆக 46.

230 ÷ 5 = 46 ஓம்.

"பெட்டிக்குள்ள ஒரு கம்பிச் சுருள் இருக்கு. நிக்கலும் குரோமியமும் கலந்த கம்பி. அதுக்கு நிக்ரோம்னு பேரு. அந்தச் சுருளோட தடைதான் இந்த 46 ஓம்" என்றார் பெரியவர்.

இரண்டாம் கணக்கு பெருக்கல். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட் கிடைக்கும். வாட் என்பது திறன். அதாவது, ஒரு பொருள் எவ்வளவு வேகமாகக் கரண்ட்டைத் தின்று சூடோ வெளிச்சமோ தருகிறது என்ற அளவு.

வோல்ட் × ஆம்பியர் = வாட்

230 × 5 = 1150 வாட்.

தேய்ந்துபோன தகட்டில் இருந்திருக்க வேண்டிய எண் ராணிக்குக் கிடைத்துவிட்டது!

"துணி தேய்க்கிற கனமான பெட்டிக்கு இது சரியான அளவுதான். பெட்டியில கோளாறு இல்லை" என்றார் பெரியவர்.

ராணி தானாகவே ராடுக்கும் கணக்குப் போட்டார்.

230 × 6.5 = 1495 வாட். 1500 வாட் என்றே சொல்லலாம்.
230 ÷ 6.5 = ஏறத்தாழ 35 ஓம்.

அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. "பெட்டிக்குத் தடை 46. ராடுக்குத் தடை 35தான். தடை குறைவா இருக்கிற ராடு எப்படி அதிகச் சூடு தருது?"

"குழாயை நினைச்சுப் பாரு. அடைப்பு குறைஞ்சா அதிகத் தண்ணி ஓடும். ரெண்டுக்கும் வோல்ட் ஒண்ணுதான். தடை குறைஞ்சதால அதிக ஆம்பியர் ஓடுது. அதனால அதிக வாட்."

ஒரு விஷயத்தை இங்கே கவனிக்க வேண்டும். இஸ்திரிப் பெட்டி, ஹீட்டர், கரண்ட் அடுப்பு போன்ற சூடாக்கும் பொருள்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே சரியாக வரும். மிக்ஸி, கிரைண்டர், தண்ணீர் மோட்டார் போன்றவை வேறு விதம். அவற்றுக்கு வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வரும் எண்ணைவிட உண்மையான வாட் குறைவாக இருக்கும். அவற்றின் தகட்டில் உள்ள வாட்டையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

5. பாக்ஸ் ஏன் கருகியது?

"பெட்டி நல்லது. ராடும் நல்லது. அப்ப பாக்ஸ் ஏன் கருகிச்சு?" என்று கேட்டார் ராணி.

பெரியவர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் திருப்பிக் காட்டினார். அடியில் சின்ன எழுத்தில் '6 ஏ' என்று இருந்தது. ராணியே படித்தார். 6 ஆம்பியர் வரை தாங்கும் என்பது அதன் பொருள்.

ராணி நோட்டைப் பார்த்தார். கூட்டினார்.

5 + 6.5 = 11.5 ஆம்பியர்.

தாங்கக்கூடியது 6. ஓடியது 11.5. ஏறத்தாழ இரண்டு மடங்கு!

பெரியவர் பாக்ஸைக் கழற்றினார். உள்ளே ஒரு ஸ்குரூ லூசாக இருந்தது. ஒயர் நுனி அதில் சரியாக ஒட்டவில்லை. அந்த இடம்தான் கறுத்திருந்தது.

"லூசான இடத்துல தடை உண்டாகும். அந்தத் தடை வெறும் 1 ஓம்னு வச்சுக்கோ. 5 ஆம்பியர் ஓடினா அந்த இடத்துல எத்தனை வோல்ட் வீணாகும்? ஆம்பியரை ஓமால பெருக்கு."

5 × 1 = 5 வோல்ட்.

"இப்ப வாட் கணக்கு."

5 வோல்ட் × 5 ஆம்பியர் = 25 வாட்.

"ரேடியோ ரிப்பேர்க் கடையில ஈயம் உருக்குற சால்டரிங் இரும்பு பார்த்திருக்கியா? அதுல நிறைய 25 வாட்தான். அது ஈயத்தையே உருக்குது. அவ்வளவு சூடு உன் பாக்ஸுக்குள்ள, ஒரு ஸ்குரூ தலையில. ரெண்டையும் சேர்த்துப் போட்டா என்ன ஆகும்? போட்டுப் பாரு."

11.5 × 1 = 11.5 வோல்ட்.
11.5 வோல்ட் × 11.5 ஆம்பியர் = ஏறத்தாழ 132 வாட்.

ராணி எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆம்பியர் இரண்டு மடங்குக்கு மேல் கொஞ்சம். சூடு ஐந்து மடங்குக்கு மேல்!

"அதுதான் ஆபத்து. ஆம்பியர் இரண்டு மடங்கானா சூடு நாலு மடங்காகும். ஆம்பியர் மூணு மடங்கானா சூடு ஒன்பது மடங்கு. ஒல்லியான ஒயருக்கும் இதே கணக்குதான். ஒயர் ஒல்லியானா தடை அதிகம். நீளமானாலும் தடை அதிகம். அதிக ஆம்பியர் ஓடினா ஒயரே அடுப்பாயிடும்."

ராணி விடவில்லை. "முதல்ல தடை குறைஞ்சா சூடு அதிகம்னீங்க. இங்க தடை கூடினா சூடுங்கறீங்க. எது சரி பெரியப்பா?"

பெரியவருக்கு மகிழ்ச்சி. "நல்ல கேள்வி கேட்ட! பெட்டிக்குப் போறது முழு 230 வோல்ட். அதனால அதோட தடைதான் எவ்வளவு ஓடணும்னு முடிவு பண்ணுது. லூசான இடம் வழியில இருக்கு. அதுல எவ்வளவு ஓடணும்னு பெட்டியும் ராடும் முடிவு பண்ணுது. ஓடுறதை அது தாங்கித்தான் ஆகணும். அதனால வழியில தடை கூடக்கூட, வழியிலேயே சூடு கூடும். சுருக்கமாச் சொல்றேன். சூடு பெட்டியில வரணும். வழியில வரக்கூடாது."

6. தடிமனான கம்பி

"ஃபியூஸ் ஏன் போகலை?" என்று கேட்டான் குமார்.

மூவரும் ராணியின் வீட்டுக்குப் போனார்கள். பெரியவர் மெயின் சுவிட்சை அணைத்தார். ஃபியூஸ் கட்டையை இழுத்தார். அதில் ஃபியூஸ் கம்பி இல்லை. ஒயரிலிருந்து உரித்த செம்புக் கம்பி பல இழைகளாக முறுக்கிப் போடப்பட்டிருந்தது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. செல்வம் வீட்டில் இருந்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நான்தான் போட்டேன். அடிக்கடி ஃபியூஸ் போய்க்கிட்டே இருந்திச்சு. ராத்திரி நேரம். அவசரத்துக்குப் போட்டேன். அப்படியே விட்டுட்டேன்."

"ஃபியூஸ் போறது தொல்லை இல்லை தம்பி. அது வீட்டுக் காவல்காரன். அளவுக்கு மேல ஆம்பியர் ஓடினா அது உருகும். கரண்ட்டை அறுத்துடும். நீ காவல்காரனைத் தூங்க வச்சுட்ட. நல்லவேளை, ராணி மூக்கு முழிச்சிருந்தது" என்றார் பெரியவர்.

செல்வம் ஒன்றும் பேசவில்லை. ராணியின் நோட்டை வாங்கிப் பார்த்தார். 132 என்ற எண்ணில் விரலை வைத்துக்கொண்டு சிறிது நேரம் உட்கார்ந்திருந்தார்.

7. சாயங்காலச் சூடு

ராணிக்கு இன்னொரு சந்தேகமும் இருந்தது. "சாயங்காலம் பெட்டி சரியாச் சூடாகலையே. அது ஏன்?"

"சாயங்காலம் எல்லா வீட்லயும் எல்லாம் போடுவாங்க. வோல்ட் இறங்கும். பெட்டியோட தடை அதே 46தான். அதை வச்சு நீயே கண்டுபிடி. வோல்ட் 184க்கு இறங்கிச்சுன்னு வச்சுக்கோ."

வோல்ட்டைத் தடையால் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும்.

184 ÷ 46 = 4 ஆம்பியர்.
184 × 4 = 736 வாட்.

காலையில் 1150 வாட். வோல்ட் இறங்கினால் 736 வாட்தான். ஐந்தில் ஒரு பங்கு வோல்ட் குறைந்தது. சூடு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. "கனமான பருத்தித் துணியெல்லாம் காலையில தேய்க்கணும்" என்று ராணி முடிவு செய்தார்.

8. சிவசமுத்திரத்துக் கரண்ட்

டீ குடித்துக்கொண்டே பெரியவர் பழைய கதை ஒன்றைச் சொன்னார்.

"நம்ம ஊருக்குக் கரண்ட் வந்தது 1902ல. பெங்களூருக்கு வந்தது அதுக்கு மூணு வருஷம் கழிச்சு, 1905லதான். காவிரி ஆறு சிவசமுத்திரத்துல அருவியா விழுது. அங்க கரண்ட் எடுத்து, ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து, இந்தச் சுரங்கத்துக்குக் கொண்டுவந்தாங்க. அந்தக் காலத்துல உலகத்திலேயே நீளமான மின்கம்பி வழிகள்ல அதுவும் ஒண்ணு."

"அவ்வளவு நீளக் கம்பியில தடை அதிகமா இருக்குமே? எல்லாம் வழியிலேயே சூடாப் போயிடாதா?" என்றார் ராணி.

"அதுக்குத்தான் பல ஆயிரம் வோல்ட்ல அனுப்பினாங்க. 23,000 வாட் அனுப்பணும்னு வச்சுக்கோ. 230 வோல்ட்ல அனுப்பினா எத்தனை ஆம்பியர்?"

23,000 ÷ 230 = 100 ஆம்பியர்.

"23,000 வோல்ட்ல அனுப்பினா?"

23,000 ÷ 23,000 = 1 ஆம்பியர்.

"ஆம்பியர் நூறுல ஒரு பங்கு ஆச்சு. அப்ப அதே கம்பியில வீணாகிற சூடு பத்தாயிரத்துல ஒரு பங்கு ஆயிடும். ஊருக்குப் பக்கத்துல வந்ததும் டிரான்ஸ்பார்மர் வச்சு வோல்ட்டை இறக்கிக்குவாங்க. இன்னிக்கும் நாடு முழுக்க இப்படித்தான் கரண்ட் போகுது. உன் பாக்ஸுல நடந்ததும் அந்தப் பெரிய கம்பியில நடக்கிறதும் ஒரே கணக்குதாம்மா."

9. பில் எவ்வளவு வரும்?

செல்வத்துக்கு ஒரு கவலை மிச்சம் இருந்தது. "பில் எகிறிடாதா?"

ராணி மறுபடியும் நோட்டை எடுத்தார். 1000 வாட் பொருள் ஒரு மணி நேரம் ஓடினால் 1 யூனிட். இது பெரியவர் சொன்னது.

ஒரு நாளைக்கு 3 மணி நேர வேலை.
1150 × 3 = 3450.
3450 ÷ 1000 = 3.45 யூனிட்.
யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால், 3.45 × 8 = 27 ரூபாய் 60 காசு.

இது அதிகபட்சக் கணக்கு. போதிய சூடு வந்ததும் பெட்டி தானாக அணையும். ஆறியதும் தானாக எரியும். அதனால் உண்மையில் இதைவிடக் குறைவாகவே ஆகும்.

"கரிக்கு ஒரு நாளைக்கு 60 ரூபாய் கொடுத்துக்கிட்டு இருந்தேன்" என்றார் ராணி. செல்வம் அதற்குமேல் விற்கச் சொல்லவில்லை.

யூனிட் விலை ஊருக்கு ஊர் மாறும். வீட்டுக்கு ஒரு விலை, தொழிலுக்கு ஒரு விலை என்றும் இருக்கும். அதனால் ராணி மின்சார அலுவலகத்துக்குப் போனார். வீட்டில் இஸ்திரித் தொழில் செய்வதைச் சொன்னார். தன் வீட்டுக்கு எத்தனை கிலோவாட் சுமை அனுமதி என்று பில்லைக் காட்டிக் கேட்டார். பெட்டிக்கும் ராடுக்கும் சேர்த்து 2650 வாட் ஆகும் என்று அவரே சொன்னார். எழுதிக் கொடுக்க வேண்டிய படிவத்தையும் அவரே நிரப்பிக் கையெழுத்துப் போட்டார்.

பிறகு லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியன் ஒருவர் வந்தார். மெயினிலிருந்து தனியாக, 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் இழுத்தார். 16 ஆம்பியர் பவர் பிளக் வைத்தார். எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். முறுக்கிய கம்பியை எடுத்துவிட்டு, தானாக அணையும் சுவிட்ச் ஒன்றைப் போட்டார். கருகிய பாக்ஸ் குப்பைக்குப் போனது.

இப்போது ராணியின் வீட்டில் ஒரு பழக்கம் வந்திருக்கிறது. ராடு அணைந்த பிறகுதான் பெட்டி எரியும். பிளக்கின் மேலே சுவரில் ராணி ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறார். அதில் அவர் கையெழுத்தில் இப்படி இருக்கிறது:

'பெட்டி 5. ராடு 6.5. சேர்த்துப் போடாதே.'

நினைவில் வையுங்கள்

வோல்ட் ÷ ஆம்பியர் = ஓம் (தடை)
வோல்ட் × ஆம்பியர் = வாட் (திறன்)
வோல்ட் ÷ ஓம் = ஆம்பியர்
வாட் × மணி ÷ 1000 = யூனிட்

6 ஆம்பியர் பிளக்: 230 × 6 = 1380 வாட் வரை.
16 ஆம்பியர் பிளக்: 230 × 16 = 3680 வாட் வரை.

பிளக்கோ ஒயரோ தொட்டால் சுடுகிறதா? கருகல் நாற்றம் வருகிறதா? உடனே சுவிட்சை அணையுங்கள். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

ஃபியூஸில் தடித்த கம்பி போடாதீர்கள்.

இஸ்திரிப் பெட்டிக்கும் ஹீட்டருக்கும் மூன்று பின் பிளக் வேண்டும். பெரிய பின் எர்த் பின். அதை உடைக்காதீர்கள்.

ஹீட்டர் ராடு எரியும்போது தண்ணீரில் கை வைக்காதீர்கள். சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகே தொடுங்கள்.

மீட்டர் வைத்து அளக்கும் வேலையைத் தெரிந்தவரிடம் விடுங்கள். கணக்கை நீங்கள் போடுங்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

1. ஒரு சின்ன இஸ்திரிப் பெட்டியில் 230 வோல்ட்டில் 2 ஆம்பியர் ஓடுகிறது. அது எத்தனை வாட்? அதன் தடை எத்தனை ஓம்?

2. ஒரு கரண்ட் அடுப்பில் 230 வோல்ட்டில் 10 ஆம்பியர் ஓடுகிறது. அது எத்தனை வாட்? அதன் தடை எத்தனை ஓம்? அதை 6 ஆம்பியர் பிளக்கில் போடலாமா?

3. அந்த அடுப்பு தொடர்ந்து 2 மணி நேரம் எரிந்தால் எத்தனை யூனிட் ஆகும்?

4. லூசான ஒரு இடத்தில் தடை 1 ஓம். அதன் வழியாக 3 ஆம்பியர் ஓடினால் எத்தனை வாட் சூடு வரும்? 6 ஆம்பியர் ஓடினால்?

5. உங்கள் வீட்டில் சூடாக்கும் பொருள்கள் எவை? அவற்றின் தகட்டில் எத்தனை வாட் என்று இருக்கிறது? வாட்டை 230ஆல் வகுத்து ஆம்பியரைக் கண்டுபிடியுங்கள். எவற்றைச் சேர்த்துப் போடக்கூடாது என்று எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

விடைகள்

1. 460 வாட், 115 ஓம்.
2. 2300 வாட், 23 ஓம். போடக்கூடாது. 16 ஆம்பியர் பிளக் வேண்டும்.
3. 4.6 யூனிட்.
4. 9 வாட். 36 வாட். ஆம்பியர் இரண்டு மடங்கு, சூடு நான்கு மடங்கு.
5. இதற்கு விடை உங்கள் வீட்டில் இருக்கிறது.